ஏழு தொட்டிப் பெரணி

ஜூன் 9, திங்கள்

காலை ஆறு மணிக்கே வெக்கை. மேகம் இருக்கிறது, மழை இல்லை. ஏழு தொட்டிப் பெரணிக்கும் தண்ணீர். இலைக்குத் தெளிப்பு இரண்டு தடவை.

ஏழு என்று எழுதுவது பழக்கம். உயிரோடு இருப்பது மூன்று. செத்துப்போன நான்குக்கும் சேர்த்துத்தான் ஊற்றுகிறேன். காரணம் கேட்டால் சொல்லத் தெரியாது.

எட்டரைக்குப் பீங்கான் யூனிட்டில் வேலை. பொம்மை அச்சு இரண்டு, ஊறுகாய் ஜாடி அச்சு ஒன்று. மதியம் தயிர்சாதம், ஊறுகாய் இல்லை. ஜாடி செய்கிறவன் டப்பாவில் ஊறுகாய் இல்லை என்று யாரோ சொன்னார்கள். சிரித்தேன் என்று நினைக்கிறேன்.

சாயங்காலம் கோமதி போன். சேத்தியாத்தோப்பில் அவள் அம்மா வீட்டுக்குப் போய் ஏழு வாரத்துக்கு மேல் ஆகிறது. ஒருநாள் விட்டு ஒருநாள் பேசுகிறாள். பேச்சு எப்போதும் ஒன்றேதான்.

"செடிங்கள்லாம் எப்படி இருக்குது?"

"நல்லா இருக்குது."

"வட்டத் தொட்டி?"

"அதுவுந்தான்."

"இலைக்குத் தெளிக்கிறீங்களா?"

"ரெண்டு வாட்டி."

"சரி. வெச்சிடட்டா?"

"ம்."

ஒரு நிமிஷம்கூட இல்லை. அதில் ஒரு பொய்.

ஜூன் 10, செவ்வாய்

வெயில். கரண்ட் இரண்டு மணி நேரம் இல்லை.

கணக்குக்காக எழுதி வைக்கிறேன். தொட்டிகளுக்கு முதலில் நம்பர் போட்டது கோ., பெயிண்டில், கோணல்மாணலாக.

1 – நீள இலை. போய்விட்டது.
2 – நீள இலை. போய்விட்டது.
3 – நீள இலை. இருக்கிறது. நுனி பழுப்பு.
4 – கறுப்புக் காம்பு, சின்ன இலை. முதலில் போனது இதுதான்.
5 – நீள இலை. போய்விட்டது.
6 – முடவாட்டுக்கால். இருக்கிறது.
7 – வட்டத் தொட்டி. பறவைக்கூட்டுப் பெரணி. நன்றாகவே இருக்கிறது. எப்படி என்று தெரியவில்லை.

முடவாட்டுக்கால் கொல்லிமலைக் கிழங்கு. ஆட்டுக்கால் மாதிரி முடியோடு இருக்கும். முட்டிவலிக்குச் சூப் வைக்கச் சொல்லி அத்தை, கோ.வின் அம்மா, வாங்கி வந்தது. அதுவும் பெரணிதான் என்று போனில் படித்துவிட்டு, கோ. சூப் வைக்காமல் நட்டுவிட்டாள். அத்தை ஒரு வாரம் முட்டியைப் பிடித்துக்கொண்டே நடந்தாள்.

டிசம்பரில் வாங்கிய செடிகள். கோ.வுக்கு அப்போது நாலாம் மாதம். மல்லிகை வாசனை பட்டாலே வாந்தி. பக்கத்து வீட்டு முருங்கைப் பூவுக்குக்கூட மூக்கைப் பொத்திக்கொள்வாள். பூக்காத, வாசனை இல்லாத, எப்போதும் பச்சையாக இருக்கிற செடி ஏதாவது வேண்டும் என்றாள். நல்லூர் போகிற வழியில் ஒரு நர்சரியில் பெரணி கிடைத்தது, ஃபெர்ன் என்று போர்டு. பின்பக்கம் குளிக்கிற இடத்துக்கும் மதிலுக்கும் நடுவே ஆறடி நிழல். அங்கே வரிசையாக வைத்தாள்.

அத்தை அன்றைக்கே சொன்னாள், "மாசமா இருக்கறவ வூட்டுல பூக்காத செடியை யாரும் வெப்பாங்களா."

கோ. சொன்ன பதில், "இலை கொட்டாதும்மா. வருஷம் பூரா பச்சையா இருக்குமாம். அது போதாதா."

ஜூன் 12, வியாழன்

நாலு மணிக்குப் பெர்மிஷன் போட்டு நர்சரிக்குப் போனேன். நம்பர் 3 தொட்டியிலிருந்து ஒரு பிடி மண், பழுத்த இலை ஒன்று, பிளாஸ்டிக் பையில்.

நர்சரிக்காரர் மண்ணை விரலில் தேய்த்தார். வெள்ளையாக ஒட்டியது.

"இதுல என்னா கலந்த?"

"அச்சு உடைச்ச தூளு. பிளாஸ்டரு."

"எதுக்கு?"

சொன்னேன். எங்கள் வேலையில் களிமண்ணைக் கூழாகக் கரைத்து அச்சில் ஊற்றுவோம். அச்சு தண்ணீரைக் குடித்துக்கொள்ளும், மண் அதன் உள்பக்கம் தோலாகப் படியும். தேய்ந்துபோன அச்சுகளை வீட்டுக்குக் கொண்டுவந்து போட்டிருந்தேன். தண்ணீரை இவ்வளவு குடிக்கிற சாமான் தொட்டிக்குள் இருந்தால் ஈரம் நிற்கும், வெயிலுக்குச் செடி தாங்கும் என்று கணக்குப் போட்டேன். துண்டுகள் அடியில், தூள் மண்ணோடு.

அவர் விரலில் ஒட்டியதைத் துடைத்தார்.

"நீ செடி நட்டியா, செவுரு கட்டுனியா? குடிக்கும், சரி. திருப்பிக் குடுக்குமா? காஞ்ச மோல்டு வேருக்குப் போற தண்ணியையும் சேத்துல்ல குடிக்கும். போதாக்கொறைக்கு சுண்ணாம்புச் சத்து. இது எலை மக்குன மண்ணுல இருக்கற சாதி."

பதினாலு வருஷம் அச்சு செய்கிறவனுக்கு அச்சு திருப்பிக் கொடுக்காது என்பது தெரியாதா. தெரியும். தோன்றவில்லை. அப்போது எதுவுமே தோன்றவில்லை.

நான் கிளம்பும்போது சொன்னார், "அதே சாதி நாலு இருக்குது. அதே தொட்டியில வெச்சிடு. வூட்டுல சம்சாரத்துக்குத் தெரியவா போவுது."

வேண்டாம் என்றேன். எழுதக் கை வரவில்லை. நாளைக்கு.

ஜூன் 13, வெள்ளி

ஏன் வேண்டாம் என்றேன் என்பதை எழுதி வைக்க வேண்டும். எழுதாவிட்டால் எனக்கே மறந்துவிடும்போல இருக்கிறது. இப்போதெல்லாம் நிறைய மறக்கிறது.

ஏப்ரல். எட்டாம் மாதம். பெண். உயிர் இல்லை.

கோ.வுக்கு ஆபரேஷன் மயக்கம் தெளியவில்லை. தெளிவதற்குள் கொண்டுபோய்விட வேண்டும், பார்த்தால் தாங்கமாட்டாள் என்று பெரியவர்கள் முடிவு பண்ணினார்கள். நான் சரி என்று சொல்லவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை. சித்தப்பாவும் நானும் போய், ஆற்றோரம். அவளுக்குக் காட்டவில்லை. பார்த்தது நாங்கள் இரண்டு பேர்தான்.

ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்தபோது பால் வந்துவிட்டது. கட்டிக்கொண்டு காய்ச்சல். பீய்ச்சி எடுக்க வேண்டும். அத்தை சொன்னாள், "கண்ட எடத்துல ஊத்தாத. கால் படாத எடமாப் பாத்து ஊத்து." கோ. டம்ளரில் எடுத்துக்கொண்டு பின்பக்கம் போனாள். முதல் நாள் நம்பர் 1. மறுநாள் நம்பர் 2. ஏழு நாளில் ஏழு தொட்டி. எட்டாம் நாள் அத்தை அவளை அழைத்துக்கொண்டு போய்விட்டாள்.

ஆட்டோவில் உட்கார்ந்துகொண்டு சொன்னது இதுதான்: "தொட்டி சின்னதாப் போச்சு, வேரு வெளியில வருது. பெரிய தொட்டிக்கு மாத்திடுங்க. மண்ணைக் கொட்டிடாதீங்க."

மாற்றினேன். மண்ணைக் கொட்டவில்லை. அவள் போட்ட நம்பரையே பெரிய தொட்டிகளிலும் எழுதினேன். சுத்தியலை எடுத்து ஒரு கோணி அச்சை உடைத்துக் கலந்தேன்.

அதனால்தான் வேறு நாலு செடி வேண்டாம். இதை நர்சரிக்காரரிடம் எப்படிச் சொல்வது.

ஜூன் 13, சாயங்காலம்

போன் வந்தது. இன்று நீளம்.

"செடிங்க?"

"நல்லா இருக்குது."

"அடுத்த ஞாயித்துக்கெழம வரேன். இருவத்தி ரெண்டு. காலையில வந்துட்டு அஞ்சரை பஸ்ஸுக்குத் திரும்பணும்."

"இருக்கறதுக்கு வரலியா?"

பின்னால் டி.வி. சத்தம். அத்தை யாரையோ திட்டுகிறாள்.

"அந்தப் பாலாடை அச்சு இருக்குதுல்ல?"

"எது?"

"பாலாடைங்க. நீங்க பண்ணது. அதுல எனக்கு இன்னொண்ணு ஊத்திக் குடுங்க. அது ஒண்ணுதான் கேக்கறேன்."

"சரி."

"இருக்குதுல்ல?"

"இருக்குது."

வைத்துவிட்டாள்.

வளைகாப்பு முடிந்த வாரம் செய்த அச்சு. குழந்தைக்குப் பால் புகட்டுகிற சின்னக் கிண்ணம், நீள மூக்கு. மூக்கின் அகலத்துக்கு அவள் சுண்டுவிரலை அளவு எடுத்தேன். ஒன்று ஊற்றி, சுட்டு, வெள்ளைக் கிளேஸ் போட்டுக் கொண்டுவந்தேன். அதில் தண்ணீர் ஊற்றி அவளே குடித்துப் பார்த்தாள். தாடையெல்லாம் வழிந்தது. "ஒழுங்காத்தான் ஊத்துது" என்றாள்.

அந்தக் கிண்ணம் குழந்தையோடு போய்விட்டது. பையில் இருந்தது, வைத்தேன். யாரும் வைக்கச் சொல்லவில்லை. மேலே மண் தள்ளியபோது சித்தப்பா, "அது எதுக்குடா" என்றார்.

ஜூன் 14, சனி

வேலை அரை நாள். மீதி நேரம் பாலாடை அச்சைத் தேடினேன்.

பரண். கட்டிலுக்கு அடியில். சமையலறை மேல் தட்டு. குளிக்கிற இடத்துப் பின்னால். பழைய சூட்கேஸ். யூனிட்டில் என் ராக்கில் இரண்டு தடவை.

இல்லை.

மூன்று மணிக்கு ஞாபகம் வந்தது. தேய்ந்த அச்சுக் கோணியின் மேலே, அச்சின் இரண்டு பாதியையும் சேர்த்து சைக்கிள் டியூப் ரப்பர் போட்டு, நான்தான் வைத்தேன். கிண்ணத்தைச் சூளையிலிருந்து எடுத்த அன்று. அந்தக் கோணிதான்.

உடைத்தபோது பார்க்கவில்லை. ரப்பரைக் கழற்றியிருக்க வேண்டும் அல்லவா. கழற்றினால் கை அறிந்திருக்க வேண்டும் அல்லவா. இரும்புச் சட்டியில் போட்டு அடித்துக்கொண்டே இருந்தேன் என்பது மட்டும் தெரிகிறது. பக்கத்து வீட்டில் மதில்மேல் எட்டிப் பார்த்து, "என்னா பாஸ்கரு, வூடு கட்டறியா" என்று கேட்டார்கள்.

சாயங்காலம் டீ குடித்தேன். இரண்டு பஜ்ஜி. தப்பு செய்தவன் பசியில்லாமல் இருக்க வேண்டும். எனக்குப் பசித்தது.

ஜூன் 15, ஞாயிறு

வெயில், காற்று. பின்பக்கம் பழைய சேலையைக் கட்டி நிழல் போட்டேன்.

செத்த நாலு தொட்டியையும் பிரித்தேன். 1, 2, 4, 5. மண்ணைக் கோணியில் கொட்டி, விரலால் துழாவி, துண்டுகளைத் தனியாக. பொம்மைத் தலைத் துண்டு. யானைக் கால். ஜாடிக் கழுத்து. பிள்ளையார் வயிறு.

நம்பர் 2-இல் ஒரு துண்டு. உள்பக்கம் வழவழப்பு, கிண்ணத்தின் அடி வளைவு. கை உடனே அறிந்துகொண்டது. நம்பர் 5-இல் இன்னொன்று, விளிம்பு. அவ்வளவுதான்.

மண் முழுவதையும் கோணியில் கட்டி நிழலில் வைத்தேன். கொட்டவில்லை.

மதியம் அத்தை போன் பண்ணினாள். என் போனுக்கு அவள் தனியாகப் பண்ணுவது அபூர்வம்.

"தம்பி, சாப்டீங்களா?"

"ஆச்சுங்க அத்த."

"அவ ஞாயித்துக்கெழம வராளாம். அதுக்குள்ள அந்தச் செடியெல்லாம் எடுத்து ஆத்துல போட்டுடுங்க."

"ஏன்?"

"ஏன்னா? பூக்காத செடி வூட்டுக்கு ஆவாதுன்னு தலதலயா அடிச்சிக்கிட்டேன். கேட்டாளா? இப்பவும் செடி செடின்னு அதையே பொலம்புறா. அதுங்க இல்லைன்னா மறந்துடுவா."

"செடி ஒண்ணும் பண்ணலைங்க அத்த."

"அப்ப யாரு பண்ணாங்க?"

அவளுக்கும் ஏதாவது ஒன்றின் மேல் பழி போட வேண்டும். பேத்திக்கு எடுத்து வைத்த பருத்தித் துணி அவள் பீரோவில் இருக்கிறது என்று கோ. சொல்லியிருக்கிறாள். கோபம் வரவில்லை. கோபம் வந்தால் நன்றாக இருக்கும்.

ஜூன் 16, திங்கள்

கலா அக்காவிடம் சொன்னேன். எங்கள் யூனிட்டில் காயாத சாமானுக்கு விளிம்பு சீவி, பிசிறு எடுப்பவர். இருபது வருஷ சர்வீஸ். பெரணி விஷயம் மட்டும் சொன்னேன். அச்சை உடைத்ததைச் சொல்லவில்லை.

"மூணையும் கௌப்பி மண்ணு மாத்தணும்க்கா. இந்த வெயில்ல தாங்குமா?"

"பொண்டாட்டி ஊருக்குப் போனா ஆம்பளைங்க சீட்டாடப் போவானுங்க. நீ செடிக்குச் சோறூட்டிக்கிட்டு இருக்க."

"அக்கா."

"பச்ச சாமான நாம எப்படிடா காய வெப்போம்? ஈரக் கோணி சுத்தி, காத்து படாம, கொஞ்சங்கொஞ்சமாத்தான? படக்குனு காஞ்சா விரிசல் உட்டுடும். செடிக்கும் அதான். நாலு குச்சி நட்டு மேல ஈரக்கோணி போடு. காலையில ஒரு வாட்டி நனை, மத்தியானம் ஒரு வாட்டி. மத்தியானம் நீ இங்க இருப்ப. நான் சாப்பாட்டுக்கு வூட்டுக்குப் போவும்போது நனைச்சிட்டுப் போறேன். சாவி குடு."

சாவி கொடுத்தேன்.

அப்புறம் கத்தியைத் துடைத்துக்கொண்டே, என்னைப் பார்க்காமல், "கோமதிகிட்ட பேசுறியா" என்றார்.

"ஒருநாள் விட்டு ஒருநாள்."

"போன்ல இல்லடா. பேசுறியா?"

சூளைக்குச் சாமான் ஏற்றக் கூப்பிட்டார்கள். போய்விட்டேன்.

ஜூன் 18, புதன்

லீவு போட்டேன். காலை ஐந்தரைக்கே ஆரம்பம், வெயில் வருவதற்கு முன்.

நம்பர் 3. வேரைச் சுற்றித் தண்ணீர் விட்டு இளக்கி, முழு மண்ணோடு தூக்கி, வாளித் தண்ணீரில் அலசி எடுத்தேன். வேரெல்லாம் வெள்ளைத் தூள். அலசின மண்ணையும் அதே கோணியில் சேர்த்தேன். பாலாடைத் துண்டு இல்லை. பொம்மைக் காதுகள் மட்டும். இலை மக்கின மண்ணில் மறுபடி நட்டு, ஈரக் கோணி.

நம்பர் 6. முடவாட்டுக்கால் முரட்டு ஜென்மம், கிழங்கைத் தூக்கினாலும் அசரவில்லை. அடியில் பெரிய துண்டு, கிண்ணத்தின் பக்கச் சுவர் முழுசாக. மூக்கு ஆரம்பிக்கிற பள்ளம் வரைக்கும் இருக்கிறது. அங்கே உடைந்திருக்கிறது.

மூன்று துண்டையும் கழுவிச் சேர்த்துப் பார்த்தேன். பொருந்துகிறது. மூக்கு மட்டும் இல்லை.

மீதி ஒரே தொட்டி. நம்பர் 7.

பறவைக்கூட்டை எடுக்கவில்லை. இந்த வெயிலில் அது ஒன்றுதான் புது இலை விட்டிருக்கிறது. நடுவில் மூன்று சுருள், முடி போர்த்தினது மாதிரி பழுப்பாக. எடுத்தால் மூக்கு கிடைக்கலாம். செடி போனாலும் போகலாம். மூக்கு இல்லாத அச்சில் பாலாடை ஊற்ற முடியாது.

ஒரு மணி நேரம் அதன் முன்னால் உட்கார்ந்திருந்தேன். யோசித்தேன் என்று சொல்ல முடியாது. உட்கார்ந்திருந்தேன்.

ராத்திரிச் சாப்பாடு தோசை, வாங்கினது.

ஜூன் 19, வியாழன்

லேசாகத் தூறல். மண் வாசனை வருவதற்குள் நின்றுவிட்டது. 3 தலை தொங்கிப்போய் இருக்கிறது. 6 பரவாயில்லை.

கலா அக்கா கோணியை நனைத்துவிட்டு, சமையலறை மேடையில் ஒரு டப்பா வைத்துவிட்டுப் போயிருக்கிறார். கருவாட்டுக் குழம்பு. காரம் ஜாஸ்தி. கண்ணில் தண்ணீர் வந்தது. காரத்துக்குத்தான்.

ஒரு யோசனை. புதுசாகவே ஒன்று செய்துவிடலாம். மூன்று துண்டு இருக்கிறது, அளவு இருக்கிறது, மூக்கு கைக்குத் தெரியும். களிமண்ணில் உருவம் பிடித்து, அச்சு எடுத்து, ஊற்றி, சனிக்கிழமைக்குள் பிசிறு எடுத்துவிடலாம். சுட நாள் இல்லை. பச்சையாகக் காட்டி, "சுட்டுத் தரேன்" என்று சொன்னால் போதும்.

அவளுக்கு எப்படித் தெரியும்.

ஜூன் 20, வெள்ளி

மதியச் சாப்பாட்டு நேரத்தில் உருவம் முடித்தேன். நாலு மணிக்கு அச்சு. டிரையரில் வைத்தேன்.

கை நன்றாக வேலை செய்கிறது. அது ஒன்றுக்குத்தான் ஒன்றும் ஆகவில்லை. மேஸ்திரி வந்து பார்த்துவிட்டு, "யாருக்குப்பா பாலாடை, விசேஷமா?" என்றார். புதிதாக வந்தவர், தெரியாது. "ஆமாங்க" என்றேன்.

போன்.

"செடிங்க?"

"நல்லா இருக்குது."

"நாளன்னைக்கு வரேன்."

"ம்."

"ஏதாவது வேணுமா? அம்மா முறுக்கு சுட்டிருக்கு."

"கொண்டா."

"ஏங்க."

"ம்?"

"ஒண்ணுமில்ல. வெச்சிடட்டா?"

ஜூன் 21, சனி

ஊற்றினேன். இருபது நிமிஷம், மீதிக் கூழைக் கவிழ்த்து வடித்து, சுருங்கிக் கழன்றதும் எடுத்தேன். விளிம்பு சீவிச் சுத்தம் பண்ணியது கலா அக்கா. மற்ற சாமானுக்கு எடுப்பதைவிட ரொம்ப நேரம் எடுத்துக்கொண்டார்.

துணி சுற்றி டிபன் பாக்ஸில் வைத்துக் கொண்டுவந்தேன். பழையதுக்கும் இதுக்கும் எனக்கே வித்தியாசம் தெரியவில்லை.

வீடு பெருக்கினேன். தலையணை உறை மாற்றினேன். காலித் தொட்டி நாலையும் கழுவி வரிசையிலேயே வைத்தேன். ஒளித்து வைக்கலாம் என்று தோன்றியது, இடம் இல்லை.

நாளைக்கு என்ன சொல்ல வேண்டும்:
- வெயில் ரொம்ப ஜாஸ்தி, நாலு செடி போய்விட்டது.
- அச்சு இருக்கிறது, யூனிட்டில்.
- பாலாடை இதோ.

மூன்று வரி. இரண்டரை பொய்.

ஜூன் 22, ஞாயிறு

மேகமூட்டம். பத்து மணிக்கு வந்தாள். தனியாக. முறுக்கு டப்பா, கைப்பை, வேறு பை இல்லை. மெலிந்திருக்கிறாள். "நீங்க எளைச்சிட்டீங்க" என்றாள்.

தண்ணீர் குடித்தாள். பின்பக்கம் போகவில்லை. கூடத்திலேயே உட்கார்ந்தாள். டிபன் பாக்ஸைத் திறந்து கொடுத்தேன். இரண்டு கையாலும் வாங்கினாள். சுடாத சாமானை எப்படிப் பிடிக்க வேண்டும் என்று அவளுக்குத் தெரியும். மூக்கில் சுண்டுவிரலை வைத்துப் பார்த்தாள். சரியாக இருந்தது.

"அப்படியே இருக்குது" என்றாள். அப்புறம், "அதே அச்சுதான?"

ஆமாம் என்று சொல்ல வாய் திறந்தேன்.

"இல்ல" என்றேன்.

ஏன் என்று தெரியவில்லை. அவள் முகம் நன்றாக இருந்தது, அதைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். வரிசையாக எல்லாவற்றையும் சொன்னேன். கோணி, சுத்தியல், தூள், நாலு செடி, போனில் சொன்ன பொய்கள், மூக்கு இல்லாத மூன்று துண்டு, புது அச்சு. சம்பளப் பட்டியல் படிக்கிறவன் மாதிரி படித்தேன். எனக்கே கேட்கச் சகிக்கவில்லை.

கிண்ணத்தைப் பாக்ஸுக்குள் வைத்து மூடினாள். திட்டுவாள் என்று நினைத்தேன். எழுந்து பின்பக்கம் போனாள். நானும் போனேன்.

ஈரக் கோணியைத் தூக்கிப் பார்த்தாள். 3. தொங்கிப்போன இலைகளுக்கு நடுவில் ஒரு சுருள், சுண்டுவிரல் உயரம். நேற்று நான் பார்க்கவில்லை. 6. காலித் தொட்டிகளை ஒவ்வொன்றாகத் தொட்டாள், 1, 2, 4, 5.

"மண்ணு?"

கோணியைக் காட்டினேன். "கொட்டல."

தலையாட்டினாள். ரொம்ப நேரம் கோணி முடிச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"மூக்கு எங்க?"

"ஏழுல இருக்கணும். எடுக்கல. எடுத்தா இதுவும் போயிடும்னு."

வட்டத் தொட்டி முன்னால் உட்கார்ந்தாள். ஆபரேஷன் வயிறு, மெதுவாகத்தான் உட்கார முடிகிறது. இலைகளை ஒதுக்கி, ஓரமாக விரலை விட்டாள். முழங்கை வரை போகிறதோ என்று இருந்தது. கண்ணை மூடிக்கொண்டு துழாவினாள்.

"இருக்குது" என்றாள். "வேரு சுத்திப் புடிச்சிருக்குது."

"மெதுவா இழுத்தா வந்துடும்."

"வேணாம். அதுகிட்டயே இருக்கட்டும்."

கையை எடுக்கவில்லை. உள்ளேயே வைத்திருந்தாள். நான் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். பக்கத்து வீட்டில் மிக்ஸி. ஜங்ஷன் பக்கம் ரயில்.

"மூணாம் நாளே ஆத்தோரம் போவணும்னு அம்மாகிட்ட கேட்டேன்" என்றாள். "கூடாதுன்னாங்க. உங்களக் கேக்கலாம்னா நீங்க வேலைக்குப் போயிட்டீங்க. ஒவ்வொரு வாட்டியும் கேக்கலாம்னுதான் போன எடுப்பேன். வாயில செடிதான் வரும்."

மண்ணுக்குள் அவள் கை அசைந்தது.

"நீங்க பாத்தீங்கல்ல."

"ம்."

"எனக்கு யாரும் சொல்லல. எப்படி இருந்துச்சுன்னு ஒருத்தரும் சொல்லல."

மதியம் சாப்பிடவில்லை. முறுக்கு தின்றோம், அங்கேயே உட்கார்ந்து. நான் சொல்ல ஆரம்பித்தபோது மணி என்ன என்று தெரியாது. அஞ்சரை பஸ் போய்விட்டது, அது தெரியும். அத்தை இரண்டு தடவை போன் பண்ணினாள், கோ. எடுக்கவில்லை.

முடி நிறைய என்று சொன்னேன். நெற்றி அவளுடையது. விரல் நீளம், என் கை. வாய் மூடியிருந்தது. சித்தப்பா துணியைப் போர்த்தப் போனார். இருங்க என்றேன்.

"ஏன்?" என்று கேட்டாள்.

இடது காது மடங்கியிருந்தது. நான்தான் நிமிர்த்திவிட்டேன்.